பெட்ரோல் தொட்டியில் சீனி போட்டால் கார் கெட்டுவிடுமா?

பூன் லே பேருந்து முனையத்துக்கு வெளியே ஐந்து நிமிடம் நின்று சாலையைப் பாருங்கள். துவாஸ் பக்கம் போகும் லாரிகள், தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன்கள், உணவு விநியோகிப்பாளரின் மோட்டார் சைக்கிள், இடையிடையே எரிபொருள் ஏற்றிய நீண்ட டாங்கர் லாரி. மின்சாரத்தில் ஓடுபவற்றை விட்டுவிட்டால், மற்ற எல்லாவற்றின் வயிற்றிலும் ஒரு தொட்டி இருக்கிறது. அந்தத் தொட்டிக்கு ஒரு மூடி இருக்கிறது. மூடியைத் திறந்து வேண்டாததைப் போட்டுவிட்டால் என்ன ஆகும்?

படங்களில் இதற்கு ஒரே ஒரு விடைதான். வில்லனின் காருக்குள் யாரோ ஒரு கைப்பிடி சீனியைக் கொட்டுகிறார்கள். கார் இரண்டு தெரு தாண்டியதும் புகை கக்கி நிற்கிறது. எஞ்சின் காலி. பலரும் இதை உண்மை என்றே நம்புகிறார்கள். உண்மை இதைவிடச் சுவையானது. கண்ணுக்குத் தெரியும் குப்பையைக் கண்டு கார் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடப்பதுதான் அதற்கு ஆபத்து. ஏன் அப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஒரு காப்பிக்கடைக்குப் போவோம். பூன் லே பிளேஸ் உணவங்காடி நிலையத்தில் காப்பி கலக்குபவரைக் கவனித்திருப்பீர்கள். நீளமான துணிப்பைக்குள் காப்பித்தூள், மேலே கொதிநீர். தூள் பைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஆனால் நிறமும் கசப்பும் மணமும் துணியைத் தாண்டிக் கீழே இறங்கிவிடுகின்றன. அவை நீரில் கரைந்துவிட்டன. கரைந்த பொருளின் மூலக்கூறுகள் துணியின் ஓட்டைகளைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியவை. எந்தத் துணியாலும் அவற்றைத் தடுக்க முடியாது. இந்தக் காப்பிப் பையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் இது கூட வரும்.

தொட்டியிலிருந்து எஞ்சின்வரை

இன்றைய பெட்ரோல் காரில் எரிபொருள் பம்ப் தொட்டிக்குள்ளேயே, ஏறக்குறைய அடிமட்டத்தில் இருக்கிறது. பம்ப்பின் வாயில் நைலான் வலையால் ஆன சிறிய பை ஒன்று மாட்டப்பட்டிருக்கும். தோற்றத்திலும் வேலையிலும் அது காப்பிப் பைக்குத் தம்பி. மெக்கானிக்குகள் அதைக் காலுறை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால்தான் அழைக்கிறார்கள். அதன் ஓட்டைகள் சுமார் 50 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு மைக்ரோமீட்டர். உங்கள் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70. ஆக, முடிகூட அந்த வலைக்குள் நுழையச் சிரமப்படும். அதைத் தாண்டினால் இன்னொரு வடிகட்டி. மடித்து மடித்து அடுக்கிய காகிதத்தால் ஆன இது, 10 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்களையும் பெரும்பாலும் பிடித்துவிடும்.

இத்தனை கெடுபிடி ஏன்? வழியின் கடைசியில் இருக்கும் இன்ஜெக்டர் என்ற தெளிப்பானுக்காக. எரிபொருளைப் பனிபோல நுண்துளிகளாகத் தெளிப்பது அதன் வேலை. டீசல் இன்ஜெக்டரின் துளைகள் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். அதற்குள் மேலும் கீழும் ஓடும் ஊசிக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி 2 முதல் 4 மைக்ரோமீட்டர். அந்தச் சந்துக்குள் ஓடும் டீசலின் அழுத்தமோ சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 2,000 மடங்குவரை போகும். அங்கே ஒரு கடினமான துகள் மாட்டிக்கொண்டால் உலோகத்தை அரம்போல் அறுத்துவிடும். வாசலில் இரண்டு காவலர்களை நிறுத்தியதற்குக் காரணம் அதுதான்.

இப்போது சீனியைப் போடலாம். பெட்ரோலில் அல்ல! வீட்டுச் சமையலறையில், சமையல் எண்ணெயில். ஒரு குவளையில் தண்ணீர், இன்னொன்றில் எண்ணெய். இரண்டிலும் ஒரு தேக்கரண்டி சீனி போட்டுக் கலக்குங்கள். தண்ணீரில் சீனி மாயமாகிவிடும். எண்ணெயில் நீங்கள் கை வலிக்கக் கலக்கினாலும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். தண்ணீர் மூலக்கூறில் ஒரு பக்கம் சற்று நேர் மின்னூட்டம், மறுபக்கம் சற்று எதிர் மின்னூட்டம். சீனி மூலக்கூறிலும் அத்தகைய பகுதிகள் நிறைய உண்டு. எனவே ஒன்றையொன்று ஈர்த்துக் கலந்துவிடுகின்றன. எண்ணெயும் பெட்ரோலும் அப்படிப்பட்டவை அல்ல. கார்பனும் ஹைட்ரஜனும் சங்கிலியாகக் கோத்த, மின்னூட்ட வேறுபாடு இல்லாத மூலக்கூறுகள் அவை. சீனியை அவை சீண்டுவதே இல்லை.

இதை ஒருவர் துல்லியமாக அளந்தும் பார்த்திருக்கிறார். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தடயவியல் பேராசிரியராக இருந்த ஜான் தோர்ன்டன், 1994இல் கதிரியக்கக் கார்பன் அணுக்கள் கொண்ட சீனியைப் பெட்ரோலில் கலந்தார். கரையாத சீனியைப் பிரித்தெடுத்துவிட்டு, மீதிப் பெட்ரோலில் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்று அளந்தார். 15 கேலன், அதாவது சுமார் 57 லிட்டர் பெட்ரோலில் கரைந்தது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஒரு முழுத் தொட்டிக்கு அவ்வளவுதான்.

மீதிச் சீனி என்ன ஆகும்? தொட்டியின் அடியில் மணல்போல் கிடக்கும். பம்ப்பின் வலைப்பையில் போய் அப்பும். நிறையப் போட்டிருந்தால் வலை அடைத்துக்கொள்ளும். எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாமல் கார் திணறி நிற்கும். அது எஞ்சின் செத்த கதை அல்ல, பட்டினி கிடந்த கதை. தொட்டியைக் கழற்றிக் கழுவி, வடிகட்டியை மாற்றினால் மறுபடி ஓடும். பட்டறையில் கொடுக்க வேண்டிய பணம் சின்னத் தொகையாக இருக்காது. அடுத்தவர் வாகனத்தில் இதைச் செய்வது குற்றமும்கூட. ஆனால் படத்தில் காட்டும் அந்தப் புகையும் வெடிப்பும் வராது.

மணலும் மண்ணும் துருத்தூளும் அப்படித்தான். அவை எரிபொருளில் கரையாது. எனவே வடிகட்டியில் நிற்கும். வடிகட்டியை மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டினால்தான் தொல்லை. சொல்லப்போனால், எஞ்சினுக்குள் தூசி நுழையும் பெரிய வாசல் பெட்ரோல் தொட்டியே அல்ல. ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 0.74 கிலோகிராம், ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்கும் மேல் காற்று உள்ளே போகிறது! கட்டுமானத் தளத் தூசி நிறைந்த சாலையில் ஓடும் லாரிக்குக் காற்று வடிகட்டி எவ்வளவு முக்கியம் என்பது இப்போது புரியும்.

தண்ணீர் செய்யும் வேலை

தண்ணீரின் கதை கொஞ்சம் சிக்கலானது. பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது, பெட்ரோலுடன் கலக்காது. எனவே தொட்டியின் அடிக்குப் போய்விடும். பம்ப்பின் வாயும் அங்கேதான் இருக்கிறது. ஆக, தொட்டியில் 40 லிட்டர் நல்ல பெட்ரோல் இருந்தாலும், எஞ்சின் முதலில் குடிப்பது அடியில் உள்ள அந்தத் தண்ணீரைத்தான். தண்ணீர் எரியாது. எஞ்சின் உதறும், நிற்கும்.

தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது? சில நேரம் எரிபொருள் நிலையத்தின் நிலத்தடித் தொட்டியில் மழைநீர் கசிவதால். சில நேரம் காற்றிலிருந்து. எரிபொருள் குறையக் குறைய, தொட்டியின் வெற்றிடத்தைக் காற்று நிரப்புகிறது. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. வெப்பம் தணியும்போது அந்த ஈரம் தொட்டியின் சுவரில் துளிகளாகப் படிந்து கீழே இறங்கும். இங்கே ஒரு வேடிக்கை. சிங்கப்பூரில் பதிவான கார்கள் மலேசியாவுக்குப் போகும்போது தொட்டியில் முக்கால் பங்காவது எரிபொருள் இருக்க வேண்டும் என்பது விதி. அது எரிபொருள் வரிக்காக வந்த விதி, அறிவியலுக்காக அல்ல. ஆனாலும் நிறைந்த தொட்டியில் ஈரக்காற்றுக்கு இடம் குறைவு என்பதால், உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளைத் தாண்டும் கார்களுக்கு அந்த விதி தெரியாமலே ஒரு நன்மை செய்கிறது.

பெட்ரோல் காருக்குக் கொஞ்சம் தண்ணீர் எரிச்சலூட்டும் தொல்லை. டீசல் வாகனத்துக்கு அது உண்மையான ஆபத்து. டீசல் வெறும் எரிபொருள் மட்டுமல்ல. உயர் அழுத்தப் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் அதுவே மசகு எண்ணெய். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே மெல்லிய படலமாக நின்று உராய்வைக் குறைக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் வந்தால் படலம் கிழிகிறது; உலோகம் உலோகத்தைத் தேய்க்கிறது; துருவும் பிடிக்கிறது. அதனால்தான் டீசல் லாரிகளின் வடிகட்டிக்குக் கீழே தண்ணீரைத் தனியே பிடித்து வெளியேற்றும் ஒரு கிண்ணம் வைத்திருப்பார்கள்.

அதைவிட விநோதம் ஒன்று உண்டு. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் உயிரினங்கள் வாழ்கின்றன! பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் தண்ணீரில் தங்கிக்கொண்டு, மேலே இருக்கும் டீசலைச் சாப்பிடுகின்றன. ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை இதில் பேர்போனது. விமானங்களின் எரிபொருள் தொட்டிகளிலும் குடியேறுவதால் அதற்கு மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றும் பெயர். அது பெருகி வழுவழுப்பான கறுப்புச் சளிபோல் வடிகட்டியை அடைக்கும். அதன் கழிவுகளில் உள்ள அமிலம் உலோகத்தை அரிக்கும். வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில், நெடுநாள் ஓடாமல் நிற்கும் வண்டிகளிலும் மின்னாக்கிகளிலும் இந்தத் தொல்லை அதிகம். தண்ணீரை அகற்றிவிட்டால் பூஞ்சைக்குக் குடியிருக்க வீடில்லை.

ஒன்றை இங்கே குழப்பிக்கொள்ளக் கூடாது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. அங்கே எஞ்சின்களுக்கு வந்த பெரிய ஆபத்து பெட்ரோல் தொட்டி வழியாக வந்ததல்ல, காற்று உள்ளே இழுக்கப்படும் குழாய் வழியாக வந்தது. எஞ்சினின் சிலிண்டருக்குள் காற்றுக்குப் பதில் தண்ணீர் புகுந்தால், மேலே ஏறும் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. பிஸ்டனைத் தாங்கும் எஃகுத் தண்டு வளைந்துவிடும். அதனால்தான் வெள்ளத்தில் நின்ற காரின் சாவியைத் திருப்பிப் பார்க்கவே கூடாது என்கிறார்கள். சிங்கப்பூரில் திடீர் வெள்ளத்தில் மாட்டிய கார்களுக்கும் இதே விதிதான்.

கரையாதது கரையத் தொடங்கினால்

விடுமுறைக்குத் தமிழ்நாட்டுக்குப் போனவர்கள் அங்குள்ள பெட்ரோல் நிலையங்களில் இ20 என்ற எழுத்தைப் பார்த்திருக்கலாம். அது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் எடுக்கும் எத்தனாலைக் கலப்பதால் கச்சா எண்ணெய் இறக்குமதி குறையும் என்பது திட்டம். 2025இல் அது இந்தியா முழுவதும் பரவிவிட்டது.

எத்தனால் இரு வீட்டுக்கும் உறவுக்காரர்போல. அதன் மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு சேரும். மறுமுனை பெட்ரோலோடு சேரும். ஒரு லிட்டர் வெறும் பெட்ரோலில் அரை மில்லிலிட்டர் தண்ணீர்கூடக் கரையாது. 10 விழுக்காடு எத்தனால் சேர்த்தால் சுமார் 5 மில்லிலிட்டர்வரை கரைகிறது. கரைந்த அந்தச் சிறிதளவு தண்ணீர் பெட்ரோலோடு சேர்ந்து எஞ்சினுக்குப் போய், ஆவியாகி வெளியேறிவிடும். இது ஒருவகையில் நல்லதே. ஆனால் எல்லை தாண்டினால் காட்சி மாறுகிறது. எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிடும். இரண்டும் சேர்ந்து தனி அடுக்காகத் தொட்டியின் அடியில் இறங்கும். முன்பு அடியில் இருந்தது ஒரு கரண்டித் தண்ணீர். இப்போதோ லிட்டர் கணக்கில் எத்தனாலும் தண்ணீரும். மேலே மிஞ்சிய பெட்ரோலோ எத்தனாலை இழந்து தரம் குறைந்துபோயிருக்கும். பழைய வண்டிகளின் சில ரப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் எத்தனால் உப்பவைத்து வலுவிழக்கச் செய்யும் என்பதும் உண்மை. புதிய வண்டிகளை அதைத் தாங்கும் பொருள்களால் செய்கிறார்கள்.

இங்கிருந்து நாம் காப்பிப் பையின் மறுபக்கத்துக்கு வந்துவிட்டோம். அதாவது, வடிகட்டியில் நிற்காத பொருள்களின் பக்கம்.

மண்ணெண்ணெய் அதில் முதலாவது. இந்தியாவில் ஏழைகளுக்காகக் குறைந்த விலையில் கொடுக்கப்பட்ட மண்ணெண்ணெயைப் பெட்ரோலிலும் டீசலிலும் கலந்து விற்றவர்கள் இருந்தார்கள். கலப்படத்தைக் கண்டுபிடிக்க மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் ஏற்றிக் கொடுத்தது அரசு. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ஒரே குடும்பம். ஒன்றில் ஒன்று முழுமையாகக் கலந்துவிடும். எந்த வடிகட்டியும் பிரிக்காது. அடர்த்தியைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமா? பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்கு 0.74 கிலோகிராம், மண்ணெண்ணெய்க்கு 0.80 என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பங்கு கலந்தால் 0.9 × 0.74 + 0.1 × 0.80 = 0.746. வெறும் 6 கிராம் வித்தியாசம்! நல்ல அடர்த்திமானி இல்லாவிட்டால் தப்பிவிடும். இந்தியப் பெட்ரோல் நிலையங்களில் வாடிக்கையாளர் வடிதாள் கேட்டுச் சோதித்துப் பார்க்கலாம். தாளில் ஒரு சொட்டு விட்டால், சுத்தமான பெட்ரோல் இரண்டொரு நிமிடத்தில் ஆவியாகிச் சுவடில்லாமல் போகும். மண்ணெண்ணெய் மெதுவாக ஆவியாவதால் கறை நிற்கும்.

எஞ்சினுக்கு இதனால் என்ன கேடு? மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல், தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேரும்வரை பொறுத்திருக்காமல் அழுத்தத்திலேயே தாறுமாறாகப் பற்றிக்கொள்ளும். எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவதுபோல் ஓசை கேட்கும். அது நீடித்தால் பிஸ்டன் சேதமாகும். எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி மசகு எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்யும். இது ஒரே நாளில் தெரியாது, மாதங்களில் தெரியும். கலப்படத்தில் புரளும் பணம் எவ்வளவு கொடியது என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இளம் விற்பனை அதிகாரி சண்முகம் மஞ்சுநாத், கலப்படம் செய்த ஒரு பெட்ரோல் நிலையத்தின்மேல் நடவடிக்கை எடுத்தார். அதற்காக 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 27.

தவறான எரிபொருளை நிரப்புவதும் இந்த வகைதான். டீசல் காரில் பெட்ரோலை நிரப்பினால், மசகுபோல் வழுக்கிச் சென்ற டீசலின் இடத்தில் வறண்ட பெட்ரோல் ஓடும். பம்ப் தன்னைத்தானே தேய்த்துக்கொள்ளும். உதிர்ந்த உலோகத்தூள் இன்ஜெக்டர்களுக்குள் போகும். தவறு நடந்தது தெரிந்தால், எஞ்சினை முடுக்காமல் காரைத் தள்ளி நிறுத்திவிட்டுத் தொட்டியைக் காலி செய்யச் சொல்வது இதனால்தான். சாவியைத் திருப்பாதவரை அது வெறும் தொட்டிப் பிரச்சினை.

2007ஆம் ஆண்டு பிப்ரவரி கடைசியில் தென்கிழக்கு இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான கார்கள் ஒரே வாரத்தில் முரண்டு பிடித்தன. வேகம் வரவில்லை, எஞ்சின் விளக்கு எரிந்தது. பெட்ரோல் மேல் சந்தேகம் வந்து சோதித்தார்கள். வழக்கமான சோதனைகள் எல்லாவற்றிலும் பெட்ரோல் தேர்ச்சி பெற்றுவிட்டது! பிறகு வேறு சோதனைகள் செய்தபோதுதான் சிலிக்கான் அகப்பட்டது. பெட்ரோலில் சிலிக்கான் இருக்குமா என்று அதுவரை யாரும் தேடியதில்லை. அது சோதனைப் பட்டியலிலேயே இல்லை.

அந்தச் சிலிக்கான் என்ன செய்தது பாருங்கள். சிலிக்கான் சேர்மம் பெட்ரோலில் கரைந்திருந்தது, வடிகட்டிகளைத் தாண்டியது, எஞ்சினுக்குள் எரிந்து சிலிக்கான் டைஆக்சைடு ஆனது. அதாவது, மணலின் வேதிப்பொருள். தொட்டியில் மணலைக் கொட்டினால் வாசலிலேயே பிடிபட்டிருக்கும். கரைந்த வடிவில் வந்ததால் வீட்டுக்குள் நுழைந்தபின் மணலாகிவிட்டது! புகைக்குழாயில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் உணரி ஒன்று உண்டு. அதன்மேல் இது கண்ணாடிப் பூச்சுபோல் படிந்தது. உணரி குருடானதும், எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று காரின் கணினிக்குத் தெரியவில்லை. எனவே பாதுகாப்புக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டது. எஞ்சினின் உலோகம் கெடவில்லை, கண்தான் கெட்டது.

வேண்டுமென்றே கலந்த பொருளும் இப்படிச் செய்ததுண்டு. எஞ்சின் தட்டாமல் இருக்கப் பல பத்தாண்டுகள் பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்தார்கள். அது மனிதருக்கு நஞ்சு. அதோடு புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியின்மேல் படிந்து அதையும் செயலிழக்கச் செய்தது. சிங்கப்பூரில் 1998 ஜூலையோடு ஈயப் பெட்ரோலுக்கு முடிவு வந்தது.

துவாஸுக்கு எதிர்க்கரையில்

இந்தக் கதையின் மிகப் பெரிய அத்தியாயம் நம் வாசலிலேயே நடந்தது. கார்களில் அல்ல, கப்பல்களில். பூன் லேயிலிருந்து தெற்கே போனால் ஜூரோங் தீவு. ஏழு சிறு தீவுகளை இணைத்து உருவாக்கப்பட்டு, 2000இல் திறக்கப்பட்ட எரிபொருள், வேதிப்பொருள் நகரம் அது. அங்கே வேலை பார்க்கும் ஒருவர் உங்கள் புளோக்கிலேயே இருக்கக்கூடும். உலகிலேயே மிக அதிகமாகக் கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பும் துறைமுகம் சிங்கப்பூர். 2022இல் மட்டும் சுமார் 4.8 கோடி டன்.

அந்த ஆண்டு மார்ச் 14ஆம் தேதி சிங்கப்பூர் கடல்துறை, துறைமுக ஆணையத்துக்கு ஒரு தகவல் வந்தது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இங்கே எரிபொருள் நிரப்பிய சில கப்பல்களின் எண்ணெயில் குளோரின் சேர்ந்த கரிமச் சேர்மங்கள் அளவுக்கு மீறி இருக்கின்றன என்பதே அது. விசாரித்ததில், அந்த எண்ணெய் சுமார் 200 கப்பல்களுக்குப் போயிருந்தது. அவற்றில் சுமார் 80 கப்பல்கள் எரிபொருள் பம்ப்பிலும் எஞ்சினிலும் கோளாறு என்று தெரிவித்தன.

கப்பலின் எரிபொருள் ஏற்பாடு காரைவிடப் பல மடங்கு கெட்டிக்காரத்தனமானது. கப்பல் எண்ணெய் தார்போல் கனமானது, அழுக்கு நிறைந்தது என்பதால், முதலில் அதைச் சூடாக்கித் தெளியவிடுவார்கள். பிறகு மையவிலக்குப் பொறியில் வேகமாகச் சுழற்றித் தண்ணீரையும் துகள்களையும் பிரிப்பார்கள். அதன்பின் வடிகட்டிகள். சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்த கடினமான வினையூக்கித் துகள்களைக்கூட இப்படிப் பெருமளவு பிரித்துவிடலாம். ஆனால் குளோரின் சேர்மங்கள் எண்ணெயில் கரைந்திருந்தன. காப்பியில் கசப்பைப் போல. சுழற்றினாலும் வடிகட்டினாலும் அவை எண்ணெயோடேயே போயின. பம்ப்புக்குள் மைக்ரோமீட்டர் இடைவெளியில் ஓடும் உலோகத் தண்டுகள் அரிக்கப்பட்டு இறுகிக்கொண்டன. கார் நின்றால் சாலையோரம் தள்ளி நிறுத்தலாம். கப்பல்கள் நெருக்கியடித்துச் செல்லும் சிங்கப்பூர் நீரிணையில் 300 மீட்டர் நீளக் கப்பலின் எஞ்சின் நின்றால் எங்கே தள்ளுவது?

எண்ணெய் வந்த வழியை ஆணையம் தேடிப் பிடித்தது. ஐக்கிய அரபுச் சிற்றரசுகளின் கோர் ஃபக்கான் துறைமுகத்தில் ஏற்றப்பட்ட எண்ணெயில் மாசு சேர்ந்திருந்தது. அதில் ஒரு பகுதி, துவாஸுக்கு எதிர்க்கரையில் உள்ள மலேசியாவின் தஞ்சோங் பெலப்பாசில் மிதவைக் கிடங்குகளில் வைக்கப்பட்டு, மேலும் கலக்கப்பட்டுச் சிங்கப்பூருக்கு வந்தது. கலக்கக் கலக்க மாசு நீர்த்துப்போகும் என்று நினைக்கத் தோன்றும்; மாசு பரவும் என்பதும் அதே அளவு உண்மை. சோதனை முடிவு கையில் கிடைத்த பிறகும் சில கப்பல்களுக்குத் தொடர்ந்து விநியோகித்ததற்காக, கிளென்கோர் நிறுவனத்தின் எரிபொருள் விநியோக உரிமத்தை ஆணையம் 2022 ஆகஸ்ட் 18 முதல் இரண்டு மாதம் நிறுத்திவைத்தது.

இத்தனை கப்பல்களுக்குப் போகும்வரை ஏன் தெரியவில்லை? இங்கிலாந்துப் பெட்ரோல் கதையேதான். கப்பல் எண்ணெயை உலகெங்கும் ஐஎஸ்ஓ 8217 என்ற தரநிலைப்படி சோதிக்கிறார்கள். அடர்த்தி, பாகுநிலை, தண்ணீர், கந்தகம், சாம்பல், வினையூக்கித் துகள் என்று நீளும் பட்டியல் அது. தீங்கு தரும் எதுவும் எண்ணெயில் இருக்கக் கூடாது என்ற பொதுவான வரி அதில் இருந்தது. ஆனால் குளோரின் சேர்மத்தை அளக்க வேண்டும் என்று பட்டியலில் தனியாக ஓர் இடம் இல்லை. அதற்கு வாயுநிலையில் சேர்மங்களைப் பிரித்து, ஒவ்வொன்றின் மூலக்கூறு எடையையும் பார்த்து அடையாளம் காணும் கருவி வேண்டும். கப்பல்கள் கோளாறு என்று சொன்ன பிறகுதான் அந்தக் கருவியில் மாதிரிகள் ஏறின.

இப்போது அந்தச் சோதனை வழக்கமாகிவிட்டது. 2024 ஜூன் 1 முதல், சிங்கப்பூரில் கப்பல்களுக்கு விற்கும் கன எரிபொருளில் குளோரின் கரிமச் சேர்மங்கள் கிலோகிராமுக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு டன் எண்ணெயில் 50 கிராம். கிட்டத்தட்ட ஒரு முட்டையின் எடை. விற்பதற்கு முன்பே அதைச் சோதித்துச் சான்றிதழில் காட்ட வேண்டிய பொறுப்பு விநியோகிப்பாளருடையது.